அவர் எழுந்தால் தேர்ச்சி

சிஸ்டர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டால், அதன் பின் அங்கே சிஸ்டர் இல்லை. ஒரு கை உடைந்த தேக்கு நாற்காலி அது. வெள்ளைப் புடைவையும் கறுப்புக் குடையுமாக வகுப்பறைக்குள் வருவார். குடையைச் சுவரில் சாய்ப்பார். கண்களை மூடித் தம் ஆண்டவரை ஒரு கணம் நினைப்பார். பிறகு அமர்வார். அமர்ந்த கணத்தில் தோள்கள் ஒடுங்கும், முகவாய் இறங்கும், விரல்கள் முந்தானையின் நுனியைத் தேடத் தொடங்கும்.

"நான் இப்ப நோயாளி. யாரு வர்றீங்க?"

எங்களில் ஒருவர் எழுந்து போய், எதிரே கிடந்த முக்காலியில் அமர்ந்து, அந்த நோயாளியை மருந்து உண்ணச் சம்மதிக்க வைக்க வேண்டும். சம்மதம் கிடைத்ததற்கு ஒரே அடையாளம், சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது. நன்று என்றோ பரவாயில்லை என்றோ அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்தால் தேர்ச்சி. எழாவிட்டால் மறுநாள் மறுபடியும் முக்காலி.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, கர்நூல் அதற்குத் தலைநகராக இருந்த நாட்கள் அவை. காசநோய் கண்டவர்கள் அதுவரை மலைமேலிருந்த சானடோரியத்தில் ஒரு கட்டிலுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கையிலேயே மாண்டவர்கள் பலர். புதிதாக மாத்திரைகள் வந்திருந்தன. வீட்டில் இருந்தபடியே மாதக்கணக்கில் விடாமல் உண்டால் நோய் தீரும் என்றார்கள். அப்படி உண்ண வைக்க வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள் தேவைப்பட்டார்கள். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்புறத்து ஓட்டுக் கட்டடத்தில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர் சிஸ்டர். சித்தூர் மாவட்டத்துப் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தவர். நர்ஸாக இருந்து பயிற்சியாளர் ஆனவர். எங்களில் பாதிப் பேர் தமிழர். பாதிப் பேர் தெலுங்கர். சிஸ்டரோ தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும் வாக்கியங்களில் இருமுவார்.

எத்தனை பேராக அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார் என்று எண்ணிப் பார்க்கிறேன். மருமகளைத் தாய் வீட்டுக்கு விரட்டத் துடிக்கும் மாமியாராக. "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னு பூடும் அண்ணே" என்று அழும் மாப்பிள்ளையாக. யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்கு வண்டி ஓட்டும், மாலையானால் சாராயக் கடைக்குப் போகும் வண்டிக்காரனாக. ஒருமுறை வேலூர் பஸ்ஸில் போகும்போது புதிதாக ஓர் இருமலைப் பழகிப் பார்த்தாராம். பக்கத்து இருக்கைகள் காலியாகிவிட்டன. "நல்லா காத்து வாங்கிக்கினு காலை நீட்டிக்கினு வந்தேன்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தவர், சற்று நின்று, "பொய்யிருமலுக்கே இப்படி" என்றார். அதன் பின் அன்று யாரும் சிரிக்கவில்லை.

என் முறை முதன்முதலாக வந்தபோது நான் அஞ்சவில்லை. எம்பெருமான் சந்நிதியில் பாசுரம் சேவித்துப் பழகிய நாவு எனக்கு வாய்த்திருந்தது. உடல் என்பது உறைபவனின் கோயில் என்று தொடங்கி, அக்கோயிலைப் பழுது நீக்கிக் காப்பது எவ்வாறு தொண்டாகும் என்று விரித்து, மருந்தின் மாண்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாற்காலியில் இருந்த கிழவி இரு கைகளையும் கூப்பினாள்.

"சாமி, கேக்கக் கேக்கத் தேனா இருக்குது. காலட்சேபம் எப்போ முடியும்? மாடு கட்டணும்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த சுப்பராயுடு, தெலுங்கர், எங்களில் வயதில் மூத்தவர், தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்று முதல் நான் சிஸ்டருக்குப் "பாசுரக்காரர்" ஆனேன். அதில் கேலி பாதி, மீதி வேறொன்று. ஜீப்பில் போகும்போது, "பாசுரக்காரரே, ஒண்ணு சொல்லுங்க" என்பார். நான் சேவிப்பேன். முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"இதைக் கேக்கறவங்களுக்கு இன்னா புரியும்?"

"புரியாவிட்டாலும் கண்ணீர் வரும், சிஸ்டர்."

"வரட்டும். எனக்கும் வருது. மாத்திரைக்கு அது போதாதே."

சுப்பராயுடுதான் எங்களுக்கெல்லாம் ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். நாற்காலியில் அன்று அமர்ந்திருந்தது ஒரு பிடிவாதக்காரி. ஊசிக்கு இசையாள், மாத்திரைக்கு இசையாள், "உங்க சர்க்கார் மருந்து கசக்குது, நீங்களே துன்னுங்க" என்றாள். சுப்பராயுடு சற்று யோசித்து, மாத்திரையை இரு கைகளிலும் ஏந்தி, கண்களில் ஒற்றிக்கொண்டு, "அம்மா, மலையிலேருந்து வந்த பிரசாதம்னு நினைச்சிக்கோ. பிரசாதம் கசக்குதுன்னு யாராச்சும் துப்புவாங்களா?" என்றார்.

சிஸ்டர் சட்டென்று எழுந்துவிட்டார். அத்தனை விரைவில் அவர் எழுந்து நாங்கள் கண்டதே இல்லை. அதன் பின் எங்களுக்கு வேறு சொல் எதற்கு? வடமாலபேட்டையில், புத்தூரில், காணிப்பாக்கத்தில், திருப்பதியின் தெருக்களில், நாங்கள் நுழைந்த வீடுதோறும் மாத்திரை பிரசாதமாயிற்று. கோயிலும் மலையும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும் அந்த ஜனங்களுக்கு அது தாய்மொழி போல் இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை.

அப்போதுதான் கர்நூலிலிருந்து ஓலை வந்தது. ராஜ்யக் காசநோய்ப் பிரிவின் டாக்டர் ஒருவர் மதிப்பீட்டுக்கு வருகிறார். வீட்டு மருந்து வேலை செய்கிறதா, இந்தப் பணியாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி தகுமா என்று அவர் நேரில் பார்த்துச் சொல்வார். தகாது என்றால் வகுப்பும் கலையும், வீட்டு மருந்தும் நிற்கும். நோயாளிகள் மறுபடியும் சானடோரியக் கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அவருடைய மனம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பேச்சு. எல்லை எங்கே ஓடும், எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போகும், எந்த ஊர் இங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். நாளை கைவிட்டுப் போகக்கூடிய ஊர்களுக்கு இன்று எதற்கு ஆள் பழக்குவது என்று அவர் கேட்டதாகச் சொன்னார்கள்.

சிஸ்டர் பதறவில்லை. "அவர் வந்து பாக்கறதுக்கு முன்னே நாம திரும்பிப் போய்ப் பாப்போம்" என்றார். திரும்பிப் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கம். சொல்ல வேண்டியதைச் சொன்னோமா என்று பார்ப்பதல்ல. சொன்னது அந்த வீட்டில் என்னவாக ஆகியிருக்கிறது என்று பார்ப்பது.

ஆடி மாதக் காற்றில் வடமாலபேட்டைக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் ஜீப்பை நிறுத்தினோம். சிஸ்டர், சுப்பராயுடு, நான். முனியம்மா என்ற இளம் தாயின் வீடு அது. வேர்க்கடலை பயிரிடும் தமிழ்க் குடும்பம். சுப்பராயுடுவின் நோயாளி. மாதங்கள் கடந்தும் அவள் தேறவில்லை, முன்னிலும் இளைத்திருந்தாள். ஆனால் முகம் மலர எங்களை வரவேற்றாள்.

"மாத்திரை ஒழுங்கா துன்றியாம்மா?" என்றார் சிஸ்டர்.

"ஒரு வேளை தப்பலே சிஸ்டரம்மா. அண்ணன் சொன்ன மாதிரியேதான்."

சுப்பராயுடு நிமிர்ந்து நின்றார். சிஸ்டர் கவிழ்ந்து கிடந்த கூடை ஒன்றின் மேல் அமர்ந்தார்.

"நாளைக்குக் காலையிலே எப்படி துன்னுவியோ, இப்பவே செஞ்சி காட்டு, பாக்கறேன்."

முனியம்மா உற்சாகமாக எழுந்தாள். கை கால் கழுவினாள். மாத்திரையை ஆலிலையில் வைத்து மாடத்து விளக்கின் முன் காட்டினாள். கண்களில் ஒற்றிக்கொண்டாள். வெல்லம் சேர்த்து நுணுக்கினாள். பிறகு வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மாமியார் வந்தாள். அடுத்த வீட்டுக்காரியும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தாள். எல்லாருக்கும் கொடுத்த பின், இலையில் ஒட்டியிருந்ததைத் தன் விரலால் வழித்து நாவில் வைத்துக்கொண்டாள்.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டபோது சிஸ்டரின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"ஆமா. பிரசாதம்னு அண்ணன் சொன்னாரே. பிரசாதத்தைத் தனியா துன்னா பாவம் இல்லியா?"

பிரசாதம் ஒருவருக்கு உரியதன்று. வாங்கியவன் பகிர்ந்த பின்பே அது நிறைவுறும். இதை அறியாமல் எங்களில் எவர் வளர்ந்தோம்? ஆயினும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் இரத்தத்தில் ஓடுவதாலேயே எங்கள் கண்ணில் படவில்லை. சிஸ்டருக்கோ அந்தச் சொல்லின் இனிமை தெரியும். அதன் நடைமுறை அவர் வீட்டில் இல்லாதது.

திரும்பும் வழியில் சுப்பராயுடு குழந்தையைப் போல் விம்மினார். "நேனே, சிஸ்டர், நான்தான் அந்தம்மாவைக் கெடுத்தேன்" என்றார். சிஸ்டர் அவர் முதுகில் கை வைத்தார்.

"நீங்க சொன்னதிலே தப்பில்லே. நான் எழுந்ததுதான் தப்பு. எனக்குப் பிடிச்சிருந்தது, எழுந்துட்டேன். முனியம்மா என்னா செய்வான்னு கேக்கலே." சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே வகுப்பிலே எழ மாட்டேன். எழுந்தா, நோயாளி வீட்டிலேதான் எழுவேன்."

அந்தப் பிள்ளைகளையும் மாமியாரையும் அடுத்த வீட்டுக்காரியையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் பரிசோதித்தார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை. அந்த மட்டில் திருமகள் கேள்வன் காத்தான். மற்ற வீடுகளுக்கும் போனோம். பல வீடுகளில் இதே கதை. ஓரிடத்தில் மாட்டுக்கும் ஒரு சிட்டிகை போயிருந்தது.

வகுப்பில் அன்று நடந்த வாதம் நினைவிருக்கிறது. ஒருவர் எழுந்து, "கர்நூல் டாக்டரை வேற ஊருக்கு இட்டுக்கினு போகலாம் சிஸ்டர். வடமாலபேட்டைப் பக்கம் பாதை சரியில்லேன்னு சொல்லிடலாம்" என்றார்.

"பாதை நல்லாத்தான் இருக்குது. நாமதான் சரியில்லே" என்றார் சிஸ்டர். "முதல்லே அந்த வீட்டுக்குத்தான் போவோம். நடந்ததை நானே சொல்வேன்."

"சொன்னா வகுப்பை மூடிடுவாரே!"

"மூடட்டும். மறைச்சி வெச்சி நடத்துற வகுப்பிலே நான் இருமிக்கினு உக்கார மாட்டேன்."

பிறகு அவர் நாற்காலியில் அமர்ந்தார். அன்று அவர் கொண்ட வடிவம் முனியம்மா. பிடிவாதமே இல்லை. எது சொன்னாலும் "சரிங்க" என்றாள். தெலுங்கில் சொன்னால் "சரேனண்டி" என்றாள். புன்னகைத்தாள், தலையாட்டினாள். நாங்கள் வகுப்பில் பழகியதெல்லாம் மறுப்பவர்களோடு போராட. எல்லாவற்றுக்கும் இணங்குபவளிடம் என்ன செய்வது? ஒருவர் பின் ஒருவராகத் தோற்று வந்து அமர்ந்தோம். அந்த மாதங்களில் அவர் வாய் ஓயாமல் சொன்னது ஒன்றே: "தலையாட்டறதை நம்பாதே. செஞ்சி காட்டச் சொல்லு."

ஆனால் தனியே உண்பது பாவம் என்று நம்புகிறவளை வெறும் அதட்டல் திருத்துமா? ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார்.

"பாசுரக்காரரே, உங்க சம்பிரதாயத்திலே பங்கு வைக்கவே கூடாதது ஏதாச்சும் இருக்குதா?"

நான் கண்ணை மூடினேன். திருமலையின் படிகள் கண்ணுக்குள் வந்தன. ஏறிப்போகும் கூட்டம் வந்தது. முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலைகள் வந்தன.

"இருக்கிறது, சிஸ்டர். நேர்த்திக்கடன். என் வேண்டுதலுக்கு என் முடியைத்தான் நான் இறக்க வேண்டும். என் பிள்ளையே ஆனாலும் எனக்காகத் தன் தலையைக் கொடுத்தால் என் கடன் தீராது."

அவர் முகத்தில் ஒரு விளக்கு ஏற்றியது போலிருந்தது. எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். எழவில்லை. இருக்கையின் விளிம்பைக் கைகளால் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்குது. அதனாலேதான் பயமா இருக்குது. முனியம்மா வீட்டிலே போய்ப் பாப்போம்."

போனோம், மாத்திரை அவள் மட்டுமே தீர்க்க வேண்டிய நேர்த்திக்கடன் என்று சொன்னோம், மறுபடி மறுபடி போனோம். சுப்பராயுடு ஒவ்வொரு முறையும் செய்து காட்டச் சொன்னார். முனியம்மா முதலில் குழந்தைகளைப் பார்க்காமல் திரும்பி நின்று உண்டாள். பிறகு பார்த்துக்கொண்டே உண்டாள். கர்நூல் டாக்டரின் வருகை எல்லைப் பேச்சுகளால் தள்ளித் தள்ளிப் போய், தை மாதத்தில் வந்தது. அதற்குள் அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

டாக்டர் நல்ல உயரம். தலை முழு வழுக்கை. ஜீப்பிலேயே சிஸ்டர் நடந்தது அனைத்தையும் சொல்லிவிட்டார்: பிரசாதம், சிட்டிகை, மாடு உட்பட. டாக்டர் தெலுங்கில், "இத்தனை தெரிந்த பின்னும் இதை நடத்த வேண்டும் என்கிறீர்களா? அதுவும் நாளை யாருடைய ஊரோ?" என்றார்.

"அந்தப் பக்கம் போனாலும், மருந்து துன்னத் தெரிஞ்ச ஜனமாப் போகட்டுமே சார்" என்றார் சிஸ்டர்.

முனியம்மாவின் வீட்டில் டாக்டருக்குக் கட்டிலைப் போட்டார்கள். சிஸ்டர் அதே கூடையின் மேல் அமர்ந்தார். டாக்டர் கேள்விகளைத் தொடங்கினார். ஒழுங்காக உண்கிறாயா? சரேனண்டி. காற்றோட்டமாகப் படுக்கிறாயா? சரேனண்டி. இருமும்போது வாயை மூடுகிறாயா? சரேனண்டி. டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இதுதானா உங்கள் பயிற்சி என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

சுவர் மாடத்தில் மாத்திரைப் புட்டி இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். பின்பு எதிர்பாராத விதமாகத் தம் மார்பில் கை வைத்து இருமினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினார். எங்களோடு பேசாத தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டார்.

"எனக்கும் இருமல் அம்மா. ஒண்ணே ஒண்ணு குடு."

பெரிய அதிகாரி. வீடு தேடி வந்த விருந்தாளி. ஏந்திய கை. அந்த ஊரில் ஏந்திய கைக்கு இல்லை என்று சொன்ன பெண் எவளும் இருக்க மாட்டாள். முனியம்மாவின் கை மாடத்துப் பக்கம் தானாக நகர்ந்தது. என் நெஞ்சில் ஓடிய திருநாமம் பாதியில் நின்றது.

கை நடுவழியில் நின்று, திரும்பி வந்து, இடுப்பில் ஊன்றிக்கொண்டது.

"அதெப்படிங்க சாமி ஆவும்? என் வேண்டுதலுக்கு நீங்க மொட்டை போட்டுக்கினா தீருமா?"

டாக்டரின் கை தம்மையறியாமல் தம் வழுக்கைக்குப் போயிற்று. முனியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்; ஆனால் விடவில்லை.

"இது எனக்கு மட்டும்தான். எம் புள்ளைக்கே தர மாட்டேன். உங்களுக்கு இருமலுன்னா சித்தூருக்கு வாங்க, டப்பாவிலே துப்புங்க, கண்ணாடி வெச்சிப் பாப்பாங்க. இருந்தா உங்களுக்குன்னு தனியா குடுப்பாங்க. வாங்கிக்கினு போயி, நாளைக்குக் காலையிலே எப்படி துன்னுவீங்கன்னு இந்தச் சிஸ்டரம்மாகிட்டே செஞ்சி காட்டணும். சும்மா சரின்னு தலையாட்டினா விட மாட்டாங்க!"

நான் டாக்டரைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தேன்.

அவர் எழுந்து கொண்டிருந்தார். மெல்ல, முழங்காலில் கை ஊன்றி, ஆடி மாதத்திலிருந்து எழாத அந்தப் பெண்மணி, முனியம்மாவின் கூரையின் கீழ் நிமிர்ந்து நின்றார். அதைக் கண்டதும் சுப்பராயுடு துள்ளி எழுந்தார். நானும் எழுந்தேன். காரணம் ஒன்றும் தெரியாமல் டாக்டரும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாங்க இது, எல்லாரும் எழுந்துட்டீங்க? மோர் கலக்கிக்கினு இருக்காங்க, குடிச்சிட்டுப் போங்க" என்றாள் முனியம்மா.

டாக்டர் சிரித்தார். அடக்க முயன்று முடியாமல் கூரையே அதிரச் சிரித்தார். "சிஸ்டர், இந்தம்மாவையும் வகுப்பில் வாத்தியாராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வகுப்பு தொடரலாம் என்றும், திருப்பதியில் இன்னொன்று தொடங்கலாம் என்றும், மோரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். பின்னாளில் எல்லை பிரிந்தபோது எங்களில் சிலர் அந்தப் பக்கம் போனார்கள். போன இடத்திலும் கேட்டது அதே குரல்தான் என்று எழுதினார்கள்: செஞ்சி காட்டு.

சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பின்பு ஒரு முற்பகலில் முனியம்மா வகுப்புக்கு வந்தாள். தலை மழித்துச் சந்தனம் பூசியிருந்தது. மலைக்குப் போய்க் கடனைத் தீர்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். நாற்காலியில் கூனிக்கொண்டு இருமிக்கொண்டிருந்த சிஸ்டரின் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். லட்டு.

"இது நெஜப் பிரசாதம், சிஸ்டரம்மா. இதைத் தனியா துன்னக் கூடாது."

சிஸ்டர் நிமிர்ந்தார். இருமல் போயிற்று; கிழவி போனாள். அவர் எழுந்து, தெலுங்கர் தமிழர் என்று ஒருவரையும் விடாமல் வரிசையாக எங்கள் உள்ளங்கைகளில் கிள்ளிக் கிள்ளி வைத்தார். எல்லாருக்கும் கொடுத்து முடிந்ததும், அந்த மிஷன் சபைப் பெண்மணி, தம் விரலில் ஒட்டியிருந்ததைக் கடைசியாகத் தம் நாவில் வைத்துக்கொண்டார்.